ஆண்டு நிறைவும் அஞ்சலியும்: டர்பன் பெண்கள் பள்ளிப் பழைய மாணவியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்பு என்று பேச்செடுத்ததும் முதலில் மண்டபம் பேசப்படும், பிறகு பிரியாணி, பிறகு சேலையின் நிறம். பெயர்ப் பட்டியல் கடைசி வாரத்துக்குப் போய்விடும். அந்த வரிசையில் வேலை செய்தால் மூன்றில் ஒன்று நடந்தே தீரும்: உயிரோடிருப்பவர் பெயர் அஞ்சலியில் வாசிக்கப்படும், இறந்தவர் பெயர் விடுபடும், ஸ்டாண்டர்ட் 8 முடித்துக் கல்யாணமாகிப் போனவருக்கு அழைப்பே போயிருக்காது. ஆகவே இந்த வழிகாட்டி பட்டியலில் தொடங்குகிறது. பிரியாணி பின்னால் வரும், கவலை வேண்டாம்.

1. யார் அந்த ஆண்டுக்காரர்?

பள்ளியிறுதித் தேர்வு எழுதிய ஆண்டை வைத்து '1978 மேட்ரிக்' என்று சொல்வது வழக்கம். தென்னாப்பிரிக்காவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதால் ஆண்டில் குழப்பமில்லை. குழப்பம் 'மேட்ரிக்' என்ற சொல்லில்தான். 1978இல் ஸ்டாண்டர்ட் 10 எழுதியவர்கள் பெரும்பாலும் 1974 ஜனவரியில் ஸ்டாண்டர்ட் 6இல் நுழைந்தவர்கள். நுழைந்தவர் எல்லோரும் எழுதவில்லை. சிலரைத் துணி ஆலைக்கு அனுப்பினார்கள், சிலருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றார்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடு மாறியதில் வேறு பள்ளிக்குப் போனவர்களும் உண்டு. மேட்ரிக்கை எல்லையாக வைத்தால் இவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள்.

எனவே விதி இது: அந்த வகுப்பில் ஒரு தவணையாவது உட்கார்ந்தவர் அந்த ஆண்டுக்காரர். ஓராண்டு தவறி அடுத்த வகுப்போடு எழுதியவருக்கு இரண்டு பட்டியலிலும் இடம் கொடுங்கள். எதில் நிற்பது என்பதை அவரே சொல்லட்டும். பேரப்பிள்ளைகளுக்கு விளக்க நேர்ந்தால், பழைய ஸ்டாண்டர்டோடு 2 கூட்டினால் இன்றைய கிரேடு.

2. பட்டியல்

மூலங்கள் நான்கு: பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, வகுப்புப் புகைப்படங்கள், பள்ளி ஆண்டு மலர், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல். பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுங்கள். எந்த ஆண்டு, என்ன காரணம், எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பது அதில் இருக்கட்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருப்பதால், பக்கங்களைப் படமெடுக்க அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் கதவே மூடிக்கொள்ளும். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பெயரையும் சேர்ந்த ஆண்டையும் மட்டும் எழுதிவாருங்கள். தகப்பனார் தொழில், பழைய முகவரி இதெல்லாம் வேண்டாம்.

விரிதாளில் எட்டுப் பத்திகள் போதும்: பதிவேட்டுப் பெயர், வீட்டுப் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இப்போதைய குடும்பப் பெயர், நுழைந்த ஆண்டு, கடைசியாக இருந்த வகுப்பு, நிலை, 'யார் சொன்னார், எந்தத் தேதியில்'. கடைசிப் பத்தியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தவறு வந்தபின் எங்கிருந்து வந்தது என்று தேட அது ஒன்றுதான் வழி.

வீட்டுப் பெயருக்குத் தனிப் பத்தி ஏன்? நம் ஊரில் பதிவேட்டில் தனலட்சுமி என்றிருப்பவரை வகுப்பே தனம் என்றுதான் அறியும். கோகிலாம்பாள் கோகி, லோகாம்பாள் லோகி. சிலருக்கு வீட்டுப் பெயருக்கும் பதிவேட்டுப் பெயருக்கும் ஒட்டே இருக்காது. பதிவேட்டு எழுத்து பெரும்பாலும் எழுத்தர் காதில் விழுந்தபடி; சரஸ்வதி 'சரஸ்பதி' ஆகியிருப்பார். திருத்தாதீர்கள். அடையாள அட்டையிலும் அவர் வாழ்நாள் முழுக்கச் சரஸ்பதியாகவே இருந்திருக்கலாம்.

அடுத்த தொல்லை, நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி, நாயக்கர் என்ற ஐந்தாறு குடும்பப் பெயர்களுக்குள் பாதி வகுப்பு அடங்கிவிடுவது. ஒரே ஆண்டில் மூன்று சரஸ் நாயுடு இருந்தால் அதிசயமில்லை. அதில் ஒருவர் கோவெண்டரைக் கட்டியிருப்பார், வேறொரு சரஸ் கோவெண்டர் நாயுடுவைக் கட்டியிருப்பார். பிறகு யார் இறந்தார் என்பதே தலைகீழாகும். ஒவ்வொரு சரஸுக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் ஆரம்பப் பள்ளியின் பெயரை எழுதிவையுங்கள். ஆரம்பப் பள்ளி மாறாத அடையாளம்.

தேடுவதற்கும் அதே வழிதான் பலிக்கிறது. மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர், ரிவர்சைடு என்ற பழைய முகவரிகள் இடம்பெயர்த்தலோடு போயின. மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் பரவினார்கள், சிலர் ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் லெனேசியாவுக்கு, பலர் கடல் கடந்து. 'எங்கே இருக்கிறார்?' என்று கேட்டால் பதில் வராது. 'எந்த ஆரம்பப் பள்ளியிலிருந்து வந்தார், எந்தக் கோவிலுக்குக் கூழ் ஊற்றப் போவார்கள், எந்தச் சர்ச்?' என்று கேளுங்கள். ஒரே தெருவிலிருந்து ஒரே ஆரம்பப் பள்ளிக்குப் போனவர்கள் ஒருவரையொருவர் விடுவதில்லை. கடைசியாக வார இதழிலோ லோட்டஸ் எஃப்.எம். வானொலியிலோ ஓர் அறிவிப்பு. அதில் பெயர்ப் பட்டியலைப் போடாதீர்கள்; பள்ளி, ஆண்டு, தொடர்பு எண் மட்டும்.

நிலைப் பத்தியில் நான்கே சொற்கள்: தொடர்பில் உள்ளார், தெரியவில்லை, மறைந்தார் என்று கேள்வி, மறைவு உறுதி. மூன்றாவதிலிருந்து நான்காவதற்குப் போகக் குடும்பத்தார் ஒருவர் வாய்மொழி வேண்டும். அல்லது பத்திரிகை இரங்கல் அறிவிப்பும் அதை நேரில் அறிந்த ஒருவரும். 'யாரோ சொன்னார்கள்' எத்தனை பேர் சொன்னாலும் மூன்றாவதிலேயே கிடக்கட்டும். பத்துப் பேர் சொன்னாலும் அந்தப் பத்துப் பேருக்கும் சொன்னவர் ஒருவராகவே இருப்பார்.

3. வகுப்புப் படத்துக்குப் பெயர் போடுவது

இதற்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள். படத்தை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, திருத்தாத மூலக்கோப்பை டிஃப் வடிவில் வைத்துவிட்டு, ஜேபெக் நகலை மட்டும் சுற்றுக்கு விடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அது சுருக்கப்பட்டது, முகங்கள் கஞ்சிபோல் வரும்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்மறைச் சுருளைத் திருப்பி வைத்து எடுத்த நகல்கள் நிறைய உலவுகின்றன. பிளேசர் சின்னம் மாணவியின் இடது மார்புப் பையில் இருக்கும். படத்தைப் பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கமாகத் தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. அதைக் கவனியாமல் 'இடமிருந்து வலம்' என்று பெயர் எழுதினால் நாற்பது பெயரும் தவறு.

பிறகு படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் விரித்து, ஒவ்வொரு தலையையும் கோடிட்டு எண் போடுங்கள். பின்வரிசையில் தொடங்கி, நின்றவர், நாற்காலியில் அமர்ந்தவர், தரையில் அமர்ந்தவர் என்று இறங்கி வாருங்கள். எண்ணிட்ட தாளை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் உரத்த குரல் சொன்னதே சரியாகிவிடும். அமைதியானவருக்குத்தான் பெரும்பாலும் ஞாபகம் அதிகம். ஒருவரையொருவர் கலக்காமல் இருவர் ஒரே பெயரைச் சொன்னால் மையில் எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலில், பக்கத்தில் கேள்விக்குறியோடு. யாரும் சொல்லாத முகத்துக்கு 'பெயர் தெரியவில்லை' என்றே அச்சிடுங்கள். வெற்றிடத்தைப் பார்த்த பிறகுதான் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

மூலப்படத்தின் பின்புறம் பந்துமுனைப் பேனா கூடவே கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை பரவும். மென்மையான 4பி அல்லது 6பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் ஒட்டாது, அதற்கு உறையின் மேல் எழுதுவதுதான் வழி. பசைப் பக்கமுள்ள பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து ரம்பம்போல் மெதுவாக இழுங்கள். ஒட்டு விடாவிட்டால் பக்கத்தோடேயே ஸ்கேன் செய்து விட்டுவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் கேரேஜில் வைத்த படம் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

4. ஒரு தோழி மறைந்தால்: முதல் இரண்டு நாள்

குழுவில் செய்தி போடுமுன் குடும்பத்தைக் கேளுங்கள். இந்து வீடுகளில் இறுதிச் சடங்கு அடுத்த நாளே இருக்கும், முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் அன்றைக்கே. ஆகவே அவசரம் உண்மைதான். ஆனாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தாயின் மரணம் வாட்ஸ்அப் குழு வழியாகத் தெரிவதைவிடக் கொடுமை வேறில்லை. அழைப்பது ஒருவர் மட்டும். பேச்சு சுருக்கமாக:

"வணக்கம்மா. நான் உங்கள் அம்மாவோடு ஸ்டாண்டர்ட் 6இலிருந்து படித்தவள். கேள்விப்பட்டேன். உங்களைக் கேட்காமல் யாருக்கும் சொல்லவில்லை. தோழிகளுக்குத் தெரிவிக்கலாமா? நேரமும் இடமும் நீங்கள் சொல்வதையே போடுகிறேன்."

"சொல்லுங்கள் ஆன்ட்டி. ஆனால் எதனால் என்று மட்டும் எழுத வேண்டாம்."

இந்த இரண்டாவது வரி கேட்காமலே வந்துவிடாது. நோயும் காரணமும் அறிவிப்பில் வேண்டாம் என்பதை நீங்களே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் ஐந்தே செய்திகள்: பள்ளிப் பெயரும் இப்போதைய பெயரும், படித்த ஆண்டுகள், உடல் வீட்டிலிருந்து புறப்படும் நேரம், தகனமோ அடக்கமோ நடக்கும் இடமும் நேரமும், குடும்பம் பூ வேண்டாம் என்றதா. கிளேர் எஸ்டேட் சுடுகாடு என்று மட்டும் போடாமல் நேரத்தையும் போடுங்கள். அங்கே ஒரே நாளில் பல குடும்பங்கள் வரும், வேறொருவர் வழியனுப்புதலில் போய் நின்றுவிடுவீர்கள்.

இரங்கல் வாசகம் மதத்துக்குத் தக்கபடி. இந்துத் தோழிக்கு 'ஆன்மா சாந்தி அடைய' என்பது பொருந்தும். முஸ்லிம், கிறிஸ்தவத் தோழிக்குக் குடும்பம் அனுப்பிய வாசகத்தையே போடுங்கள். தீச்சுடர் படம், கைகூப்பிய படம் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாக எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. குழுவாகச் செய்யக்கூடிய உருப்படியான காரியம் தேநீர். எண்பது பேருக்கு, ஒரு கோப்பை 200 மில்லி என்று வைத்தால் 16 லிட்டர்: 13 லிட்டர் தண்ணீர், 3 லிட்டர் பால், ஒன்றரைக் கிலோ சர்க்கரை, சர்க்கரையைக் கலக்காமல் தனியே வையுங்கள், நீரிழிவுக்காரர் நிறைய. நூற்றிருபது தாள் கோப்பை, குப்பைப் பை, துடைக்கும் துணி. ரொட்டியும் சைவ பீன்ஸ் குழம்பும் கொண்டுபோகலாம், இனிப்பு வேண்டாம். பண உறை கொடுத்தால் கொடுத்தவர் பெயர்களை உள்ளே எழுதிவையுங்கள். பிறகு குடும்பம் யாருக்கு நன்றி சொல்வது என்று திண்டாடக் கூடாது.

பதினாறாம் நாள் கருமாதி என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. நாளைக் குறைத்துச் செய்யும் வீடுகளும் உண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு நிறைவு நாளன்று ஒரு சிறு செய்தி அனுப்பினால் போதும். முதல் நாளில் இருநூறு செய்தி வந்த வீட்டுக்கு அந்த நாளில் இரண்டு வந்தால் அதிகம்.

5. எந்த நாள்?

25, 40, 50 வழக்கமான மைல்கற்கள். இவற்றோடு வகுப்பே அறுபதைத் தொடும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேட்ரிக் ஆண்டோடு 42. பதினெட்டில் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவரும். 1983 மேட்ரிக்குக்கு 2025. தனித்தனி மணிவிழாவுக்கு அலைவதைவிட அந்த ஆண்டில் ஒரு கூட்டு நாள் நல்லது. கணவரை இழந்தவரும் கல்யாணமே செய்யாதவரும் அதில் சங்கடமில்லாமல் உட்காரலாம். 1930களில் தொடங்கிய பெண்கள் பள்ளிகளுக்கு நூற்றாண்டும் நெருங்குகிறது. அதற்கு மூன்றாண்டு முன்னதாகவே பட்டியல் வேலை தொடங்க வேண்டும்.

நாட்காட்டியில் இடறும் இடங்கள் இவை. ஆகஸ்ட் 9 பெண்கள் நாள், 1956இல் பெண்கள் பிரிட்டோரியா யூனியன் பில்டிங்ஸுக்கு ஊர்வலம் போன நாள். பெண்கள் பள்ளிக்குப் பொருத்தம்தான், ஆனால் ஆடி மாதம். அந்த மாத ஞாயிறுகளில் கூழ் ஊற்றுகிற வீட்டார் வரமாட்டார்கள். செப்டம்பர் 24 மரபு நாள் புரட்டாசிக்குள் விழுகிறது. பலர் கவிச்சி தொடமாட்டார்கள், ஆகவே முழுச் சைவமாக வைத்தால் நல்ல நாள். புனித வெள்ளி வாரத்தில் இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் திருவிழா. கிறிஸ்தவத் தோழிகளுக்கும் அது ஆகாது. ஜூலை முதல் சனி டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், ஹோட்டல் விலை கூரையைத் தொடும். ரமலான் மாதத்தில் பகல் விருந்து வைக்கவே கூடாது. ஜூன் 16 இளைஞர் நாளை ஒட்டிய வாரம் பெரும்பாலும் தோதானது: மழை குறைவு, வெயில் இதம். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயம் என்றைக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாலைகள் அடைபடும். ஜோபர்க்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அதிகம் பேர் வரவேண்டுமானால் டிசம்பர்தான். வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு சுருக்கமாக. ஆளுக்கு 100 கிராம் பச்சை அரிசி. அறுபது பேருக்கு 6 கிலோ, அதில் முழு மைசூர்ப் பருப்பு ஏறக்குறைய 1.2 கிலோ. எலும்போடு ஆட்டிறைச்சி ஆளுக்கு 200 கிராம், ஹலாலாக. சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி மேசை. சைவக்காரரை முதலில் அழையுங்கள், இல்லாவிட்டால் சைவ பிரியாணியை மற்றவர்களே 'கொஞ்சம் ருசி பார்க்கிறேன்' என்று காலி செய்வார்கள்.

பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். சங்கத்துக்கென வங்கிக் கணக்கு திறக்க எழுதப்பட்ட விதிமுறையும் கூட்டக் குறிப்பும் கேட்பார்கள், இருவர் ஒப்புதலோடு பணம் எடுக்கும்படி வையுங்கள். இ.எஃப்.டி. (வங்கி மின்பரிமாற்றம்) குறிப்பில் பள்ளிப் பெயரும் பட்டியல் எண்ணும் போடச் சொல்லுங்கள். 'எஸ் நாயுடு' என்று மட்டும் ஐந்து வரவு வந்தால் யாருடையது என்று எந்தப் பொருளாளராலும் சொல்ல முடியாது.

6. அஞ்சலி வாசிப்பு

நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வையுங்கள். ஓராண்டுத் துக்கத்தில் இருப்பவர்கள் விருந்துக்கும் பாட்டுக்கும் நிற்கமாட்டார்கள். அஞ்சலிக்கு மட்டும் வந்துவிட்டுப் போக இது வழி. மறைந்தவரின் மகளையோ தங்கையையோ அழைத்திருந்தால் அவர்களுக்கும் அதுவே நல்லது.

பட்டியலை இறந்த தேதி வரிசையில் போடாதீர்கள்; தேதி தெரியாதவரை எங்கே வைப்பது? குடும்பப் பெயர் வரிசையும் உதவாது, நாயுடுவும் பிள்ளையுமாக நீளும். பள்ளியில் அழைத்த முதற்பெயரின் அகரவரிசையே சரி. வாசிக்கும் வடிவம்: முதற்பெயர், பள்ளிக் குடும்பப் பெயர், பிறகு கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர். 'டாக்டர்', 'திருமதி' எதுவும் வேண்டாம். அந்த வகுப்பறையில் யாருக்கும் பட்டம் இருக்கவில்லை.

ஒரு பெயருக்கு ஏழு நொடி கணக்கிடுங்கள். நாற்பது பெயருக்கு 280 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்குள். இருவர் மாறி மாறி வாசித்தால் குரல் உடையும்போது மற்றவர் தாங்கிக்கொள்வார். முதல் நாளே உரக்க வாசித்துப் பாருங்கள். இஸ்லாமியப் பெயர், குஜராத்திப் பெயர்களின் உச்சரிப்பை அவரவர் தோழியிடம் கேட்டுத் தமிழிலோ ஆங்கிலத்திலோ உங்களுக்கு எது வேகமாகப் படிக்க வருமோ அதில் எழுதிவையுங்கள்.

ஒரு பெயருக்கு ஒரு அகல் என்று ஆசைப்படுவார்கள். வாடகை மண்டபத்தில் நாற்பது சுடர் புகை எச்சரிப்பு மணியை அடித்துவிடலாம். வெளியே வைத்தால் கடற்காற்று பத்தாவது பெயருக்குள் பாதியை அணைக்கும். அணைந்த விளக்கு யார் பெயருடையது என்ற பேச்சு வேறு கிளம்பும். நடுவில் ஒரே குத்துவிளக்கு போதும், அதையும் ஏற்ற விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெயர் வாசிக்க வாசிக்க ஒரு செவ்வந்திப் பூவைத் தாம்பாளத்தில் வைப்பது எல்லா மதத்தாருக்கும் இயல்பாக வரும். நாற்பது பெயரென்றால் ஐம்பது பூ வாங்குங்கள். மிச்சப் பத்தும் வெற்று அட்டைகளும் ஒரு பேனாவும் மேசையில் இருக்கட்டும். வாசித்து முடிந்ததும், "விடுபட்ட பெயர் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். யாராவது எழுந்து ஒரு பெயர் சொல்வார். அதை எதிர்த்துப் பேசாமல் பூ வையுங்கள். பட்டியலில் 'கேள்வி' என்று குறித்துக்கொண்டு மறுநாள் விசாரியுங்கள். மௌனம் ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து. ஒலிவாங்கிக்கு மின்கலம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்வெட்டு இந்த நேரத்தைத்தான் தேடி வரும்.

7. பரிசும் பலகையும்

மறைந்த தோழி பெயரில் பரிசு 'என்றென்றும்' என்று அறிவிக்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் பணம் நின்றுபோன பரிசுகள் அவமானமாக முடிகின்றன. பத்தாண்டு என்று வரையறுங்கள். ஆண்டுக்கு 5,000 ராண்டில் தொடங்கி 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் பத்தாண்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 65,900 ராண்ட். அதைத் திரட்டிய பிறகு அறிவியுங்கள். 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி அரசுப் பள்ளியின் நிர்வாகம் பள்ளி ஆட்சிக் குழுவின் கையில். பரிசானாலும் பலகையானாலும் மர பெஞ்சானாலும் அதன் எழுத்துமூல ஒப்புதல் முதலில் வேண்டும். தலைமையாசிரியர் வாய்மொழி போதாது, அவர் மாறிப்போவார்.

இந்தப் பள்ளிகளில் இன்று படிப்பவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஸூலு. தமிழ்ப் பிள்ளைக்குத்தான் பரிசு என்று விதி போட்டால் சில ஆண்டுகளில் வாங்க ஆளிருக்காது, பெயருக்கும் மரியாதையில்லை. 'வீட்டில் முதன்முதலாக மேட்ரிக் எழுதும் மாணவிக்கு' என்பதுபோல் மறைந்தவர் வாழ்க்கையோடு ஒட்டிய தகுதி வையுங்கள். பரிசோடு ஓர் அட்டை, நூறு சொல்லில், அவர் யார் என்று. இல்லாவிட்டால் வாங்கும் பிள்ளைக்கு அது வெறும் நாயுடு பரிசு.

பலகையில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் கவனம் இரு மடங்கு. வெட்டும் கடையின் மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் 'கெ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும்; 'கொ' மூன்று துண்டாகும்; மெய்யெழுத்துப் புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்கு நகரும். கல்லில் வெட்டியபின் திருத்த வழியில்லை. வாசகத்தைத் தட்டச்சு எழுத்தாக அனுப்பாமல், வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். வெட்டுமுன் அதே அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் தனித்தனியே எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்து 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அடுத்து வருவது கௌரவப் பிரச்சினை. அடையாள அட்டையில் கோவெண்டர். தமிழில் வெட்டும்போது கோவெண்டரா, கவுண்டரா? நைடூவா, நாயுடுவா? மூட்லியா, முதலியா? மூலச்சொல் தெரிந்த புலவர் ஒருவர் குழுவில் கட்டாயம் இருப்பார்; அவரைவிடக் குடும்பத்தின் சொல் பெரிது. ஆங்கில வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் ஒரே தாளில் எழுதி, மூத்த பிள்ளையிடம் கையொப்பம் வாங்குங்கள். திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலோர உப்புக்காற்றில் மலிவுத் திருகு கல்லில் பழுப்பு ஒழுகவைக்கும்.

8. மலரும் காப்பகமும்

நினைவு மலரில் புகழ்பெற்றவர்களுக்கே பாதிப் பக்கம் போய்விடுகிறது. இனவெறி எதிர்ப்புப் போராளி ஃபாத்திமா மீர் டர்பன் இந்தியப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், இந்தியரின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்த 1946 சத்தியாக்கிரகத்துக்கு மாணவர் குழு திரட்டியவர், 2010இல் மறைந்தவர். அவரைப் பற்றி எந்த நூலகத்திலும் படிக்கலாம். அவரோடு கூட்டம் கூட்டிய, நோட்டீஸ் மடித்த பிள்ளைகளின் பெயர் உங்கள் மலரில் வராவிட்டால் வேறெங்கும் வராது. பக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள். இனவாரிக் கல்வியை எதிர்த்த 1980 பள்ளிப் புறக்கணிப்பில் இருந்த வகுப்பு என்றால் யார் கைதானார், யார் அந்த ஆண்டு தவறினார் என்பதை அவரவர் சம்மதமின்றி அச்சேற்ற வேண்டாம். நாற்பதாண்டு கழிந்தும் சிலர் வீட்டில் பேசாத கதை அது.

போப்பியா உயிரோடிருப்பவர் தகவலுக்குத்தான். மறைந்தவருக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் குடும்பத்தின் சம்மதம் வாங்குங்கள். பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் மலரில் வரவே கூடாது, மோசடிக்காரருக்கு அது விருந்து. நூலுக்கான ஐ.எஸ்.பி.என். அடையாள எண்ணை தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அச்சான படிகளைச் சட்டப்படி வைப்பு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும், அதற்கும் சேர்த்தே எண்ணிக்கை சொல்லுங்கள்.

பட்டியல், படங்கள், கடிதங்கள் எல்லாம் ஒருவர் மடிக்கணினியில் கிடந்தால் அவரோடு போய்விடும். வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தையும், டர்பனில் உள்ள 1860 மரபு மையத்தையும் கேட்டுப்பாருங்கள். கொடுக்குமுன் எது பொதுப் பார்வைக்கு, எது எத்தனை ஆண்டு மூடி வைக்க என்று எழுதிக் கொடுங்கள். எண்ணிட்ட டிரேசிங் தாளையும் படத்தோடு சேர்த்தே கொடுங்கள், அது இல்லாமல் படம் நாற்பது முகம் மட்டுமே. விரிதாளின் கடவுச்சொல்லை மூடிய உறையில் எழுதி, உங்களைவிடப் பத்து வயதாவது இளைய பழைய மாணவி ஒருவரிடம் ஒப்படைத்து, உங்கள் கண்ணெதிரே அவரை ஒருமுறை திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.